ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள்

தெருமுனையில் விசில் ஊதிவிட்டது. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக, மாரக்காள்தான். பதினைந்து நாளாக அவளுக்குப் பதில் இந்தத் தெருவுக்கு வந்தவன் பிரஷர் குக்கர் மாதிரி ஒரே சீராக ஊதிவிட்டுப் போனான், எந்த வீட்டிலும் யாரும் அவனுக்காக வெளியே வரவில்லை. இவள் ஊதினால் கதவுகள் திறக்கின்றன. நானும் வாளியோடு வந்து கேட்டுக்குள் நிற்கிறேன். அறுபத்தெட்டு வயதில், முப்பத்தோரு வருடம் சட்டக் கல்லூரியில் தொழிலாளர் சட்டம் நடத்திய ஒருத்திக்கு, குப்பை வண்டியின் விசிலைக் கேட்டு இப்படி வந்து நிற்பது அபத்தம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொண்டே வாளியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுகிறேன். வாளிக்குள் இறால் ஓடு. காலை ஆறரைக்கு வாங்கியது, ஏழரைக்குள் உரித்தது, இப்போது ஒன்பது; ஈ வந்துவிட்டது. என் வீடு பத்தாம் எண். வீட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், மூன்றாம் எண்ணில் அவள் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள், ஆறாம் எண்ணில் அருணகிரி சார் மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பாடம் எடுப்பார், ஆகப் பன்னிரண்டு நிமிடம் எனக்கு இருக்கிறது. மற்ற நாட்களில் வாளியைக் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவேன். இன்றும் போகலாம். போனால், அவள் கேட்டைத் திறந்து குனியும்போது மதிற்சுவரின் உட்புறத்தைப் பார்ப்பாள். பார்க்காமல் வாளியை எடுக்க முடியாது. அங்கே ஐந்நூற்று முப்பத்தொரு கோடுகள் இருந்தன, அவள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக. வியாழக்கிழமை அதன் மேல் சந்தன நிறம் இரண்டு பூச்சு அடித்தாயிற்று. நாளை பதினோரு மணிக்குத் தொழிலாளர் ஆய்வாளர் முன்னால், அந்தக் கோடுகளைப் பார்த்தேனா இல்லையா என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். அவளுடைய பணி நிரந்தரம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. என்ன சொல்லப்போகிறேன் என்பதை முடிவு செய்துவிட்டேன், அல்லது முடிவு செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மூன்று இரவுகள் தூங்கிவிட்டேன். இன்று எந்த முகத்தைக் காட்டுவது என்பதுதான் பாக்கி.

முதல் எண்ணில் வாளி வண்டியின் விளிம்பில் இடிபடும் சத்தம். நான் அவளிடம் பேசியிருக்கக் கூடாது. கேட்டது அவளில்லை, நானாகச் சொன்னேன். அறிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு வியாதி எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு அது முற்றிவிட்டது, வகுப்பறை இல்லாதவளுக்குக் கேட்டருகில் நிற்பவர்கள்தான் மாணவர்கள். ஒரு காலையில் அவள் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன்: நீ தினக்கூலிதானே, எத்தனை நாள் ஆயிற்று. நாளையிலேர்ந்துதான் என் பேரு நோட்டுல என்றாள். இருபத்து நான்கு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் நீ நிரந்தரம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, யாரும் கருணை காட்ட வேண்டியதில்லை என்றேன். அந்த "கருணை காட்ட வேண்டியதில்லை" என்ற தொடர் வாயிலிருந்து எவ்வளவு அழகாக வந்து விழுந்தது. மறுநாள் அவள் கையில் ஒரு செங்கல் துண்டு. "டீச்சர், இந்தச் சுவத்துல தினம் ஒரு கோடு இழுத்துக்கிடவா?" எதுக்கு என்றேன். "பால்காரம்மா போடுதுல்ல, அது மாதிரி. மேஸ்திரி நோட்டுல என்ன எழுதுறாருன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுச் சுவரு தகரம், அதுல கோடு நிக்காது. உங்க சுவருன்னா ஒரு மதிப்பு." என் சுவருக்கு மதிப்பு என்று முதல்முறையாக ஒருத்தி சொன்னாள், வீட்டு வரிக்கு அளக்க வந்தவனைத் தவிர. இழுத்துக்கொள் என்றேன். அதே மாதம், ஒரு மாலை, அருணகிரி சார் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் குடியிருப்பு வரிசெலுத்துவோர் நலச் சங்கத்தின் கூட்டம். சங்கத்துக்கு அவர் தலைவர், நான் சட்ட ஆலோசகர். நாற்பத்தொரு தினக்கூலிகளையும் நிரந்தரமாக்கச் சொல்லித் தொழிற்சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது என்று செய்தி. "சட்டத்துல ஒரு வழி இருக்கும்ல மேடம்" என்றார். இருந்தது. நானூற்று எழுபதாம் நாள் ஆளை நிறுத்துங்கள், பதினைந்து நாள் கழித்துப் புதிய ஆளாக எடுங்கள் என்றேன். கைதட்டினார்கள். சுண்டல் தட்டு முதலில் என்னிடம் வந்தது. ஒரே வாக்கியத்தை இரண்டு பக்கமும் விற்றவள் நான், விலை கூட வாங்கவில்லை, ஒருத்தியிடம் ஒரு வியப்பு, இன்னொரு இடத்தில் ஒரு தட்டுச் சுண்டல். அந்த வாக்கியத்துக்கு வால் ஒன்று உண்டு: தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றால் அந்த நிறுத்தம் தொடர்ச்சியை அறுக்காது. அதை மாடியில் சொல்லவில்லை, தந்திரத்தின் பளபளப்பு போய்விடும். மாரக்காளிடமும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. முன்பும்தான் கேட்கவில்லை, அப்போது சொன்னாயே என்று எவளோ உள்ளே கேட்கிறாள். அவளை உட்காரச் சொல்லிப் பழக்கம் எனக்கு.

மூன்றாம் எண். குவளை வைக்கும் சத்தம். எவர்சில்வர் அல்ல, அவளுக்கென்று தனியாக வைத்திருக்கும் பிளாஸ்டிக், அதற்கு இவ்வளவுதான் ஓசை. இந்தக் குடியிருப்பில் பதினெட்டு வீடு, பதினைந்தில் ஓய்வூதியம் வருகிறது. ஆசிரியர், தலைமையாசிரியர், மின்வாரியம், வருவாய்த்துறை. ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் கொடி பிடித்தவர்கள். நானே எங்கள் ஊதியக்குழுப் போராட்டத்தில் பதினான்கு நாள் சிறையில் இருந்தேன், அங்கே சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டே, நிரந்தரமற்ற வேலை என்பது நாகரிகமடைந்த சமூகத்தின் அவமானம் என்று பெண்கள் கொட்டடியில் பேசினேன், அழுதார்கள். அருணகிரி சார் பக்கத்துச் சிறையில் இருந்தார். இன்றும் அகவிலைப்படி இரண்டு சதவீதம் ஏறினால் தெருவுக்கே லட்டு வாங்கித் தருகிறார். எங்களுக்குக் கிடைத்தது மாநிலத்தின் பொதுப் பணம், கடல் மாதிரி, யார் மொண்டாலும் மட்டம் குறைவது தெரியாது. இவளுக்குக் கொடுக்கப்போவது நகராட்சிப் பணம், எங்கள் வாசற்கதவு எண் போட்டு வசூலிப்பது. வித்தியாசம் இவ்வளவுதான், இந்த வித்தியாசத்தை விளக்க எனக்கு நாற்பது நிமிடமும் ஒரு கரும்பலகையும் போதும், கேட்டு முடிப்பவர்கள் அது அறம் என்றே நம்பி எழுந்து போவார்கள். நாற்பத்தொரு பேரும் நிரந்தரமானால் அரையாண்டுக்கு ஒரு வீட்டுக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் வரி கூடும் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். என் மூட்டு மாத்திரை இரண்டு அட்டையின் விலை. ஆனால் நாங்கள் மட்டுமா கட்டுகிறோம், பதினேழாம் எண்ணில் வாடகைக்கு இருக்கும் தையல்காரி இருக்கிறாள், வரி கூடினால் வீட்டுக்காரர் அவள் வாடகையில் ஏற்றுவார், அவளை எந்தச் சங்கமும் சிறைக்கு அழைத்துப் போகவில்லை. அவளை நினைத்துத்தான் நான் இதையெல்லாம் செய்கிறேன் என்று வாரத்துக்கு இரண்டு முறை நினைத்துக்கொள்கிறேன், ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது இருபது ரூபாய் குறைத்துக்கொள் என்கிறேன். அப்புறம் பரமசிவம். நிரந்தரப் பணியாளர், ஐம்பதாயிரம் சம்பளம், துடைப்பத்தைத் தொட்டுப் பத்து வருடம். தன் இடத்தில் மூவாயிரத்துக்கு ஆள் அனுப்பினார். தினக்கூலியாவதற்கு முன் ஒரு வருடம் மாரக்காள்தான் அவர் பெயரில் இந்தத் தெருவைக் கூட்டினாள். நகராட்சி அவரை நீக்கியது, தொழிற்சங்கம் வழக்குப் போட்டது, விசாரணை முறைப்படி நடக்கவில்லை என்று பின்சம்பளத்தோடு திரும்பி வந்தார். அந்தப் பின்சம்பளத்தில் என் கதவு எண்ணும் உண்டு. அவரைக் காப்பாற்றிய பிரிவையும் நான்தான் வகுப்பில் நடத்தினேன், கண்ணில் நீர் வர நடத்தினேன். நிரந்தரமானால் இவளும் நாளைக்கு இன்னொருத்தியை மூவாயிரத்துக்கு அனுப்புவாள், அவள் இன்னொரு சுவரைத் தேடுவாள். இதை நினைத்தால் நெஞ்சு லேசாகிறது. ஒருவர் கெட்டுப்போவார் என்று முன்கூட்டியே நம்புவது எவ்வளவு பெரிய ஆறுதல்.

ஐந்தாம் எண்ணா, ஆறா. அருணகிரி சாரின் குரல் கேட்கிறது, ஆறு. "இதென்ன இது, பச்சை வாளியில பிளாஸ்டிக்கு?" தன் வீட்டு வாளியில் தானே போட்ட பிளாஸ்டிக்கைப் பற்றி அவளிடம் கேட்கிறார். அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். பதினைந்து நாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்தவள் எப்படிச் சிரிக்கிறாள். அந்தப் பதினைந்து நாள் என் யோசனைப்படிதான், சங்கம் அதை நகராட்சிக்குக் கொண்டுபோனது. மேஸ்திரி நோட்டைப் பார்த்தார், நானூற்று எழுபது, நிறுத்தினார். பத்து நாள் மிச்சம் வைத்து நிறுத்தியாயிற்று, சங்கத்தில் மகிழ்ச்சி. ஆனால் அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது, தெரியாது என்றால் தெரியும், தெரிந்தது கணக்கில் வரும் என்று தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருகையை நோட்டில் எழுதுவதில்லை. வேலை வாங்குவார், எழுத மாட்டார். கையில் நூறு ரூபாய் கொடுத்துவிடுவார். சட்டத்துக்கு அவ்வளவு பயந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஏன் வேலை வாங்கினார் என்றால் நாங்கள் மனுக் கொடுத்தோம். இந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமை கறியும் மீனும் தின்னும் தெரு, எலும்பும் செதிலும் திங்கள்வரை கிடந்தால் நாறும், ஆகவே "பொதுச் சுகாதார நலன் கருதி ஞாயிறுதோறும்" என்று தொடங்கி நான்தான் எழுதினேன், நல்ல மனு, ஒரு சொல் மிகையில்லை. பதினெட்டு மாதத்தில் அறுபத்தொரு ஞாயிறு வந்திருக்கிறாள். நோட்டில் நானூற்று எழுபது. சுவரில் ஐந்நூற்று முப்பத்தொன்று. அவளை நிறுத்திய மறுநாள் மத்தியானம், தெரு தூங்கும்போது, முக்காலி போட்டு உட்கார்ந்து நான் எண்ணினேன். ஞாயிற்றுக்கோட்டை மட்டும் அவள் சற்று உயரமாக இழுத்திருந்தாள், சொல்லாமலே புரிந்தது. முதலில் எண்ணியபோது ஐந்நூற்று இருபத்தொன்பது, தவறென்று மறுபடி எண்ணினேன். எழுத்துக்கூட்டி ஒரு வாக்கியம் படிக்கத் தெரியாதவள் ஒரு முழு நிர்வாகத்தையும் அறுபத்தொரு கோட்டில் மாட்டிவிட்டிருந்தாள், வகுப்பில் எந்த மாணவனும் எனக்கு இப்படி ஒரு விடைத்தாள் தந்ததில்லை. முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அந்த மகிழ்ச்சி, நிஜமான மகிழ்ச்சி, சுமார் பத்து நிமிடம் இருந்தது. பிறகு எழுந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, எண்ணூற்று நாற்பது என்று தோன்றியது. அந்த எண்கூட அல்ல. அருணகிரி சாருக்கு இது தெரிந்தால், என் சுவரில் என் கண் முன்னால் ஒன்றரை வருடம் இது வளர்ந்தது தெரிந்தால், மாடியில் என் நாற்காலி எங்கே இருக்கும் என்று தோன்றியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. மாரக்காளின் வக்கீல் ஜெபராணி சாட்சிப் பட்டியல் கொடுத்த அன்றே நகராட்சியிலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். கேட்டருகில் நின்று பார்த்தார், நேராக ஒன்றும் சொல்லவில்லை, முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர்கள் நேராகச் சொல்ல மாட்டார்கள். "உங்க சுவரு பார்க்க நல்லாவே இல்ல மேடம். வீடு நல்ல வீடு. பேரப்பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கு." எனக்குப் பேரப்பிள்ளை இல்லையே சார் என்றேன். "அதைத்தான் சொல்றேன்" என்றார். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு இந்தத் தெருவில் இருக்கும் ஒரே உறவு அந்த மாடி, அதை அவர் அறிவார். வியாழக்கிழமை பெயிண்டர் வந்தான். "பெரியம்மா, இது என்ன கணக்கு, பால் கணக்கா?" ஆமாம், முடிந்த கணக்கு என்றேன். ஒரு பூச்சுக்குப் பிறகும் ஞாயிறுகள் மெலிதாகத் தெரிந்தன. இன்னொன்று அடி என்றேன். ஜெபராணி அதற்கு முந்தின வாரமே பேசியிருந்தாள். "மேடம், நான் ஜெபராணி, இரண்டாயிரத்துப் பதினொண்ணு பேட்ச்." எந்த ஜெபராணி, கடைசி பெஞ்சா என்றேன், வேண்டுமென்றே. "முதல் பெஞ்ச்தான் மேடம். வேலை பார்த்ததை நிரூபிக்கிற பொறுப்பு தொழிலாளி தலையிலன்னு நீங்க நடத்துனப்ப, நோட்டு முதலாளி கையில இருக்கறப்ப அது அநியாயம் மேடம்னு நான் எந்திரிச்சேன். உக்காருன்னீங்க." உட்கார்ந்தாயா என்றேன். "அப்ப உக்காந்தேன். இப்ப நின்னுக்கிட்டே இருக்கேன். நீங்க வந்து, பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேடம். இவளுக்குக் கெடைச்சா அதே ஞாயித்துக்கிழமையை வெச்சு மத்த நாப்பது பேருக்கும் கெடைக்கும்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்திக்கு என்றால் நான் கருணை காட்டியிருப்பேன், காட்டியிருக்கலாம். நாற்பத்தொன்று என்றதும் அது கருணையாக இல்லாமல் வரியாகிவிட்டது. என் மாணவிகளில் அவள்தான் கெட்டிக்காரி, ஆனாலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. சங்கக் கோப்பில் என் ஞாயிறு மனு இருப்பதும் அவளுக்குத் தெரியாது.

எட்டாம் எண். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது, பதினைந்து நாளில் யாரும் எண்ணெய் விடவில்லை. ஒன்றை மட்டும் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறேன், ஒதுக்குவதே அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு குளியலறையில் விழுந்தேன். இடுப்பு தரையில், கை கதவுக்கு எட்டவில்லை. கத்தினேன், சத்தம் வரவில்லை, வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது, தொண்டையிலிருந்து ஒரு ஆட்டின் குரல். இரண்டு மணி நேரம். குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, என்னால் எண்ண முடிந்தது, எண்ணிக்கொண்டே இருந்தேன். இந்தத் தெருவில் மற்றப் பதினான்கு வீட்டு ஓய்வூதியக்காரர்களும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது விசில், இரண்டு குட்டை, ஒன்று நீளம். வாளி கேட்டருகில் இல்லை. மற்றவர்களுக்கு அது ஒரு வீடு மிச்சம். அவள் நின்றாள், டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டாள், பூட்டியிருந்த கேட்டில் ஏறிக் குதித்தாள், பின்கதவின் கொக்கியைத் துடைப்பக் கட்டையால் நெம்பினாள். குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் குனிந்து என் அக்குளில் கை கொடுத்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை என்ன. நன்றி இல்லை, ஐயோ இல்லை. "கையைக் கழுவினியா?" என்றேன். "கழுவிட்டேன் டீச்சர், நீங்க எந்திரிங்க" என்றாள். கழுவியிருக்க நேரமே இல்லை. அவள் எனக்காகப் பொய் சொன்னாள், என் அருவருப்புக்கு ஒரு பொய்யால் திண்டு வைத்துத் தூக்கினாள். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து, மிச்சத் தெருவையும் முடித்துவிட்டுத்தான் அன்றைய கோட்டை இழுத்திருக்கிறாள். எண்ணிய மத்தியானத்தில் அதைத் தேடினேன். உயரமான கோடுகளில் ஒன்று சாய்ந்திருந்தது, அவசரத்தில் இழுத்தது போல. இதுவாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு இது என்னுடையது என்று நினைத்தேன், அவளுடைய நாளை என்னுடையது என்று. முதல் பூச்சுக்குப் பிறகும் தெரிந்தவற்றில் அதுவும் இருந்ததா, பார்க்கவில்லை, உள்ளே போய்க் காப்பி போட்டேன். அவள் மட்டும் அன்று சட்டப்படி நடந்திருந்தால், அந்த ஞாயிறு விடுமுறையில் இருந்திருந்தால், திங்கட்கிழமைதான் என்னை எடுத்திருப்பார்கள். ஒன்பதாம் எண். போதும். கால் வலிக்கிறது. வாளியைக் கீழே வைத்தால் அவள் குனிய வேண்டும், குனிந்தால் சுவர். கையிலேயே வைத்திருக்கிறேன்.

கேட்டைத் திறந்துவிட்டாள். "என்ன டீச்சர், வாசல்ல நிக்கிறீங்க, இடுப்பு வலிக்கலையா?" இளைத்திருக்கிறாள், கழுத்தெலும்பு தெரிகிறது. பரவாயில்லை என்றேன். வாளிக்குக் கை நீட்டியவள் நின்றாள். சுவரைப் பார்த்தாள். கையில் செங்கல் துண்டு, வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள், இன்றைய கோட்டுக்கு. உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்லத் தடவினாள், மாட்டைத் தடவுவது போல, மேலிருந்து கீழாக. ஒரு அழுகையோ சாபமோ வரும் என்று தயாராக இருந்தேன், அதற்கு வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். "நல்ல கலரு" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "சுவரு போனாப் போகுது டீச்சர். நாளைக்குப் பத்தரைக்கு வக்கீலம்மா உங்களுக்கு ஆட்டோ அனுப்புது. சுவத்த அழிச்சா நீங்க பார்த்ததும் அழிஞ்சிருமா." அவள் என்னை வேண்டவில்லை. எனக்கு ஒரு வழி திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள், கொக்கியை நெம்பியதைப் போல. அந்த வழியில் போய்விடலாம், ஒரே ஒரு சொல், வர்றேன் என்றால் போதும், மேல்பல் கீழுதட்டைத் தொட்டதுகூட. கேட்டுக்கு அப்பால் அருணகிரி சார் தம் வாசலில் செய்தித்தாளைப் பிரித்தபடி நிற்கிறார், பக்கம் திருப்பாமல். "எதைப் பார்த்தேன்?" என்றேன். "கோட்ட, டீச்சர்." என் குரல் எவ்வளவு தெளிவாக வந்தது, முப்பத்தோரு வருடம் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்ட குரல். "எந்தக் கோடு?"

அவள் என்னைப் பார்த்தாள். நீளமாகப் பார்க்கவில்லை, வாளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அளவுக்குத்தான். "சரி" என்றாள். பிறகு கேட்டாள்: "இன்னைக்கு என்ன கெழமை டீச்சர்?" ஞாயிறு என்றேன், வகுப்பில் கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகிய வாய். "ஞாயித்துக்கெழமை நான் வர்றதில்லையே" என்றாள். என் கையிலிருந்த வாளியைத் தொடாமல் திரும்பினாள், கேட்டைச் சாத்தினாள், கொக்கியைக்கூட ஒழுங்காக மாட்டினாள். "ஒம்பது வீட்டுல எடுத்தியே" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. சொன்னால் அது வாக்குமூலம். சக்கரம் கிறீச்சிட்டுப் பதினோராம் எண்ணுக்கு நகர்ந்தது. இரண்டு குட்டை, ஒன்று நீளம். கதவு திறந்தது.

வாளி கனக்கிறது. இறால் ஓட்டில் ஈக்கள் ஒரே ஒலியாகிவிட்டன. ஒரு தினக்கூலி, மீண்டும் எடுத்து ஒரு நாள்கூட ஆகாதவள், வரி கட்டுகிறவளின் வாசலில் குப்பையை எடுக்காமல் போகிறாள், திமிர் என்று இதற்குத்தான் பெயர், இதைத்தான் நான் அன்றே மாடியில் சொன்னேன். புகார் எழுத வேண்டும். வாக்கியம் தானாக வருகிறது, எனக்கு எப்போதும் தானாக வரும்: ஐயா, எங்கள் தெருவில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை சேகரித்து வரும் பணியாளர், இன்று எனது இல்லத்தில் மட்டும். நின்றுவிட்டது. "வழக்கமாக" என்ற சொல்லின் மேல் நின்றுவிட்டது, வண்டி கல்லில் ஏறாமல் நிற்பதைப் போல. அதை எழுதினால் அறுபத்தொரு கோடும் என் கையெழுத்தோடு நாளை பதினோரு மணிக்கு முன்னால் நகராட்சியில் இருக்கும். அதை எடுத்துவிட்டு எழுதிப் பார்க்கிறேன்: ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று பணிக்கு வந்த பணியாளர். முடியாது. இன்று எனது இல்லத்துக்கு வராத பணியாளர். வராதவள் மேல் என்ன புகார். அவள் இதை யோசித்துத்தான் செய்தாளா, எழுத்துக்கூட்டத் தெரியாதவள், நடந்துகொண்டே, சக்கரத்துக்கு எண்ணெய்கூட இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டே. வகுப்பில் யாரோ எழுந்து நிற்பது போல இருக்கிறது, உட்கார் என்கிறேன், உட்காரவில்லை. விசில் பதின்மூன்றுக்குப் போய்விட்டது. இரு, அவசரப்படாதே, ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு வழி இருக்கும், கேட்பவருக்குத்தான் தெரியாது. நாளை திங்கட்கிழமை. திங்கட்கிழமை நோட்டில் உண்டு. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். நாளைய தேதி போட்டு எழுதலாம்: இன்று காலை எனது இல்லத்தின் வாளியை எடுக்க மறுத்து. பத்தரைக்கு ஆட்டோ வரும், அதிலேயே போய், ஆய்வாளரிடம் எந்தக் கோட்டையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் நகராட்சியில் கொடுத்துவிடலாம். காலையில் அவள் ஊதும்போது கேட்டைப் பூட்டி வைத்தால் போதும். அதுவரை வாளி வெயிலிலேயே இருக்கட்டும். நாளைக்குள் நன்றாக நாறிவிடும்.